தூங்குமூஞ்சிக்கு ஒரு கையெழுத்து

முன்னறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். வாசற்கதவை அடுத்த கட்டிலில், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டு மாமியார். சன்னலோரத்துக் கைவைத்த நாற்காலியில் மூத்தார், அதாவது இறந்துபோனவனின் அண்ணன். மேசைக்கு அந்தப் பக்கம், மடிக்கணினியையும் ஒரு பழுப்பு உறையையும் முன்னால் வைத்துக்கொண்டு, காலை ரயிலில் வந்து இறங்கிய விருந்தாளி. நான்காவது ஆள் இறந்துபோனவனின் மனைவி. அவள் உள்ளறைக் கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. "இப்படி வந்து உக்காரேன், அங்க என்ன ஒதுங்கிக்கிட்டு" என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் அத்தை" என்றாள். மேசையருகே உட்கார்ந்தால் கையை மேசைமேல் வைக்கவேண்டி வரும். முக்காலி என்றால் மடியில் புடவைக் கொசுவத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

கைதான் விஷயம். இரண்டு வருஷமாக அவள் விரல்கள் அவள் சொல்லைக் கேட்பதில்லை. வலது கை முதலில், அதைப் பார்த்து இடது கை பின்னாலேயே. வலி என்று ஒன்றும் கிடையாது. 'மடங்கு' என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கும், அவ்வளவுதான். நரம்பு என்றார் வைத்தியர். இதற்குமேல் மோசமாகாது, சரியாகவும் ஆகாது என்றார். அவரிடம் போய்வந்ததும் அவர் சொன்னதும் தெரிந்தவன் கணவன் ஒருவன்தான். போன மழைக்காலத்தில், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த விஷயம் அவள் ஒருத்தியோடு நின்றுவிட்டது.

மறைக்கக் காரணம் இருந்தது. அவள் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் வேலை பார்க்கிறாள். டாக்டர் சொன்னதும் சீட்டில் எழுதியதும் கணினியில் ஏறியதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் வேலை. கண்ணுக்குத்தான் வேலை, கைக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் வருஷாவருஷம் ஒரு படிவம் வரும். 'இரு கைகளும் குறையின்றி இயங்குகின்றன' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும் மேற்பார்வையாளர் வேறு யாருமில்லை, சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த மூத்தார்தான். முத்திரை விழாத காகிதம் எதையும் கையால் தொடமாட்டார் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'முத்திரை' என்றே பெயர். தம்பி மனைவி, அக்காள் மகன் என்று அவர் யாருக்கும் வளைந்துகொடுத்ததில்லை.

மாமியார் விருந்தாளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"வேலை ஒரு கம்பெனியிலம்மா. இது வேலை இல்லை, லீவு நாள்ல செய்யறது. அங்கங்க இருக்கறவங்க எழுதிப் போடுற புரோகிராமை எடுத்து, தூசி தட்டி, யார் கம்ப்யூட்டர்லயும் ஒரே கட்டளையில போய் உக்கார்ற மாதிரி கட்டி, பொதுக் களஞ்சியத்துல சேர்ப்போம். பேக்கேஜ்னு சொல்றது."

"மூட்டை கட்டுறீங்க."

"அப்படித்தான்னு வச்சுக்குங்க."

"கூலி?"

"ஒண்ணும் கிடையாது."

"வீட்டுல பொண்டாட்டி ஒண்ணும் சொல்றதில்லையா?"

"சொல்லிக்கிட்டேதாம்மா இருக்கா."

அந்த நிமிஷத்திலிருந்து அவர் மூட்டைக்காரர் ஆகிவிட்டார். "சில்வண்டு அண்ணன் எனக்கு அனுப்பின கடைசி மெயில் கூட இதைப் பத்தித்தான்" என்று அவர் தொடங்கியதும் மாமியார் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார்.

"யாரு?"

"சில்வண்டு. எங்களுக்குள்ள அவர் வச்சுக்கிட்ட பேர் அதுதான். நிஜப் பேரே அவர் போனப்புறம்தான் எனக்குத் தெரியும்."

"நான் வச்ச பேருய்யா அது. கைக்குழந்தையில ராத்திரி பூரா கீச்சு கீச்சுன்னு கத்துவான். சில்வண்டே வாயை மூடுடான்னு சொல்லிச் சொல்லி..." மாமியார் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க" என்றார்.

அவர் வந்த காரியம் இதுதான். பதிவேட்டு அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆனால் பதிவேட்டுக்குள் நுழைய, கடவுச்சொல்லோடு ஒரு ஆறிலக்க எண்ணும் வேண்டும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறுகிற எண். மற்ற இடங்களில் அது கைபேசியில் வரும். இங்கே அதற்கு வழியில்லாததால், ஆஸ்பத்திரியின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட கணவன், அறையின் மூலையில் வேறெதனோடும் இணைக்காத ஒரு பழைய கணினியை வைத்து, அதற்காகச் சின்னதாக ஒரு நிரல் எழுதினான். அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கருப்புத் திரையில் உங்கள் குறும்பெயரைத் தட்டினால் எண் வந்து நிற்கும். இருக்கைக்குத் திரும்பி அதைத் தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அதனிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. சில சமயம் எண் உடனே வரும். சில சமயம் பேசாமல் இருந்துவிட்டு, கேட்டவர் பொறுமை இழக்கும் நேரத்துக்குத்தான் வரும். அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவர் மூத்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில் எல்லாக் கணினிகளையும் மாற்றப்போகிறார்கள். புதிதாக வந்திருக்கும் கணினிக்காரன் பொதுக் களஞ்சியத்தில் இல்லாத எதையும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மூட்டைக்காரர் தூங்குமூஞ்சியைக் கட்டி முடித்து வைத்திருக்கிறார். ஆனால் சேர்க்க முடியவில்லை. எழுதியவன் அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டானே தவிர, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிவைக்க மறந்துவிட்டான். அந்த வரி இல்லாமல் களஞ்சியத்தார் வாங்கமாட்டார்கள். ஆள் இல்லாததால் வாரிசுகள் இருவரும், தாயும் மனைவியும், தாளில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பவேண்டும்.

அவள் இந்த ஆளை எவ்வளவு எதிர்பார்த்திருந்தாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தூங்குமூஞ்சி போய்விட்டால் அவளும் போகவேண்டியதுதான். எண்ணைத் தப்பாகத் தட்டினாலும் காலம் கடந்து தட்டினாலும் ஒரே தண்டனை. மூன்றாவது தடவை கணினியில் அவள் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்க முத்திரைதான் வரவேண்டும். வந்தால் ஏன் என்று கேட்பார். நாலு நாள் தொடர்ந்து கேட்டால் கையைப் பார்ப்பார்.

மூட்டைக்காரர் உறையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். "...இந்த நிரலை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தவும், திருத்தவும், பிறருக்குத் தரவும் வாரிசுகளாகிய நாங்கள் சம்மதிக்கிறோம்."

"திருத்தவும்னா?" என்றார் மாமியார்.

"மாத்தலாம்னு அர்த்தம்மா."

"எம் புள்ளை எழுதினதையா?"

"நல்லதுக்குத்தான் மாத்துவாங்க. நானே ஒண்ணு மாத்தியிருக்கேன், காட்டுறேன் பாருங்க." அவர் மடிக்கணினியை மூத்தார் பக்கம் திருப்பினார். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த களை. "நாங்க மூட்டை கட்டினதும் ஒரு மெஷின் அதைத் தானே ஓட்டிப் பாக்கும். எண் கேக்கும், வந்ததா, சரியான்னு பாக்கும். இது ஒரு நேரம் தேறும், ஒரு நேரம் எண் வரத் தாமதமாகித் தேறாது. தலையைப் பிச்சுக்கிட்டேன். கடைசில பாத்தா உள்ள ஒரு வரி. அரை நிமிஷத்துல இருபது விநாடிக்குக் குறைவா மிச்சமிருந்தா எண்ணைக் கொடுக்காதே, அடுத்தது வர்ற வரைக்கும் சும்மா இருன்னு எழுதியிருக்கார். ஏன்னு ஒரு வார்த்தை கிடையாது. எடுத்துட்டேன். இப்பப் பாருங்க."

தட்டினார். எண் பளிச்சென்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் பளிச்.

மூத்தார் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். "அட, தூங்குமூஞ்சி முழிச்சுக்கிச்சே" என்று சிரித்தார். தம்பி போனபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்க்கவில்லை. "இது முன்னாடி நான் நின்ன நேரத்தைக் கூட்டினா ஒரு ஓய்வூதியமே வாங்கியிருக்கலாம்யா. அவன்கிட்ட சொன்னா, இருந்து வாங்கிட்டுப் போண்ணேம்பான்."

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்குக் கை ஓடாமல் போய் ரொம்ப நாளாகிவிட்டது, இப்போது காலும் சேர்ந்துகொண்டது.

அந்த ஒரு வரி வைக்கப்பட்ட நாள் அவளுக்கு நினைவிருந்தது. முதல் தடவை கணக்கு பூட்டிக்கொண்டு, முத்திரை வந்து திறந்துவிட்டுப் போன நாள். அன்று வீட்டில், இந்த மேசையில்தான், கணவன் பழைய தட்டச்சுப் பலகை ஒன்றைப் போட்டு ஆறு ஆறு எண்ணாகச் சொன்னான். அவள் தட்டினாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவளுக்கு அழுகை வந்தபோது, "அழுதுக்கிட்டே தட்டு, அதையும் கணக்குல சேர்த்துக்கறேன்" என்றான். மறுநாள் விரல்கள் ரொம்பவும் மக்கர் பண்ணுகிற அதிகாலையில் எழுப்பி மறுபடி தட்டச் சொன்னான். இருக்கைக்கு நடக்கிற நேரத்தையும் கூட்டி, இருபது என்று முடிவு செய்தான்.

"இன்னாருக்காகன்னு பக்கத்துல எழுதட்டுமா?"

"எழுதாதீங்க. அத்தான் பாத்துடுவார்."

"அண்ணன் முத்திரை இல்லாத எதைப் படிச்சிருக்காரு" என்று சிரித்தான். ஆனால் எழுதவில்லை.

மாமியார் முதலில் கையெழுத்துப் போட்டார். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். பிறகு தாளும் பேனாவும் அவள் பக்கம் வந்தன. அவள் வாங்கவில்லை.

"அதை மாத்தாம விட முடியாதா?" என்றாள்.

"எதை மேடம்?"

"அந்த வரியை. அவர் வச்சது அப்படியே இருக்கட்டுமே."

"பாசம் வேற, வேலை வேறம்மா" என்றார் மூத்தார். குரலில் கடுமை இல்லை. "அவன் நெனைவா வச்சுக்க வீடு பூரா சாமான் கிடக்கு. ஆஸ்பத்திரியில எதுக்கு?"

மூட்டைக்காரர் அவசரமாக, "இல்ல சார், இருங்க" என்றார். அவள் பக்கம் திரும்பினார். "காரணம் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே திருப்பி வச்சுடறேன். காரணம் சொல்லாம வச்சா, நான் விட்டாலும் எனக்கு அடுத்து வர்றவன் எடுத்துடுவான். ஏன்னு எழுதாத இடத்தைப் பாத்தா எங்களுக்குக் கோளாறுன்னுதான் தோணும். அவர் இருந்திருந்தா அவரைக் கேட்டிருப்பேன்."

அவள் மூத்தாரைப் பார்த்தாள். அவர் இன்னும் மடிக்கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்துவிடலாம். கையெழுத்தை அப்புறம் போட்டுத் தருகிறேன் என்று உள்ளே எடுத்துப்போய், யாரும் பார்க்காமல் மெதுவாகப் போட்டுக்கொண்டு வரலாம். எல்லாக் கையெழுத்தையும் அவள் அப்படித்தான் போட்டுவந்தாள். அடுத்த மாதம் புதுக் கணினி வரும். எண் பளிச்சென்று வரும்.

அவள் எழுந்து வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்க மாத்தினதை ஓட்டுங்க. அரை நிமிஷம் முடியப்போற நேரமாப் பாத்து ஓட்டுங்க. நான் தட்டறேன்."

மூட்டைக்காரருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒத்திகைக்கென்று அவர் வைத்திருந்த நுழைவுப் பக்கத்தைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்திருந்து, ஓட்டினார். எண் வந்தது. அவள் முதல் இலக்கத்தைத் தட்டினாள். இரண்டாவதுக்கு விரலை நகர்த்தினாள். விரல் போனது, ஆனால் விசைக்கு மேலே நின்று யோசித்தது. மூன்றாவது. நான்காவதைத் தேடிக் கை நகரும்போது அரை நிமிஷம் முடிந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ஆறையும் தட்டி முடித்தாள். சிவப்பில் 'தவறான எண்' என்று வந்தது.

"இப்ப அவர் எழுதினதை ஓட்டுங்க. அதே மாதிரி நேரம் பாத்து."

திரை கருப்பாகவே இருந்தது. நால்வரும் அந்தக் கருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எண் வந்தது. அவள் முன்போலவேதான் தட்டினாள், வேகமும் கூடவில்லை, தடுமாற்றமும் குறையவில்லை. ஆறாவது இலக்கம் விழுந்தது. நுழைவுப் பக்கம் திறந்துகொண்டது.

முதலில் பேசியது மாமியார். "டம்ளரை ஒண்ணொண்ணா ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வருவியேடி" என்றார். "மகாராணி நடக்கறாங்கன்னு எத்தனை தடவை குத்திக் காட்டியிருக்கேன். அப்பவாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

மூத்தார் எழுந்து சன்னலைப் பார்த்து நின்றார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"போன தடவை படிவத்துல நான் கையெழுத்துப் போட்டேனே."

"போட்டீங்க அத்தான்."

"ரெண்டு கையும் நல்லா இருக்குன்னு."

"இந்தக் கையாலதான் நீட்டினேன். நீங்க படிவத்தைத்தான் பாத்தீங்க."

அவர் சன்னலை விட்டுத் திரும்பவில்லை. "இனிமே தெரிஞ்சுக்கிட்டுப் பொய் எழுத மாட்டேன்."

"எழுத வேண்டாம்."

"வேற எடத்துக்கு மாத்தினாலும் மாத்துவாங்க. வேண்டாம்னு அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க."

"தெரியும் அத்தான்."

"டேய் பெரியவனே" என்றார் மாமியார். மூத்தார் கையை உயர்த்தி, "அம்மா, நீ இதுல வராதே" என்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "உள்ளது உள்ளபடி எழுதுவேன். கை மெதுவுன்னு எழுதுவேன். ரெண்டு வருஷத்துல இவ பாத்த பதிவுல ஒரு பிழை வந்ததில்லைன்னும் எழுதுவேன், அதுவும் உள்ளதுதான். மேல இருக்கறவங்க என்ன சொல்லுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

மூட்டைக்காரர் தலை குனிந்து விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரு வழி இருக்கு. ரெண்டு விதமாவும் வச்சுடலாம். சாதாரணமா உடனே வரும். மெதுவா வேணுங்கறவங்க, பேருக்குப் பின்னால ஒரு எழுத்தைச் சேர்த்துத் தட்டினா, அவங்களுக்கு மட்டும் காத்திருந்து கொடுக்கும்."

அவள் யோசித்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்படின்னா வேணுங்கறவங்க கேக்கணும். மூலையில நின்னு, பின்னால நாலு பேர் நிக்கும்போது, எனக்கு மெதுவா வேணும்னு தட்டணும். அவர் அதைத்தான் இல்லாம பண்ணினார்."

"அப்ப...?"

"எல்லாருக்கும் காத்திருக்கட்டும். அவசரக்காரங்க வேணும்னா ஒரு எழுத்தைச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கட்டும்."

சன்னலோரத்திலிருந்து மூத்தார், "எனக்கு அந்த எழுத்தைச் சொல்லிடுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மாமியார் காலை மடக்கிக்கொண்டு சற்று இளகி உட்கார்ந்தார்.

மூட்டைக்காரர் எடுத்த வரியைத் திரும்ப வைத்தார். அவசரக்காரர்களுக்கான வழியைச் சேர்த்தார். எடுக்கவேண்டியது அந்த வரியை அல்ல, ஓட்டிப் பார்க்கும் மெஷினின் அவசரத்தைத்தான் என்று சொல்லிக்கொண்டே, நிஜக் கடிகாரத்துக்குக் காத்திராமல் நேரத்தைத் தானே குறித்துக் கொடுக்கும்படி சோதனையை மாற்றி எழுதினார். வரிக்கு மேலே வந்து நின்றபோது கேட்டார்: "யாருக்காகன்னு எழுதட்டும் அண்ணி?"

"கை மெதுவா வேலை செய்யறவங்களுக்காகன்னு எழுதுங்க. நான் ஒருத்தி மட்டுமா இருப்பேன்?"

அப்படியே எழுதினார். கீழே, 'சில்வண்டு வைத்தது, எடுக்க வேண்டாம்' என்று இன்னொரு வரியும் சேர்த்தார். அதை உரக்க வாசித்தபோது மாமியார் தலைப்பை மறுபடி எடுத்தார். தாளிலும், 'திருத்தவும்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, நிரல் ஏன் காத்திருக்கிறது என்பதைப் பின்குறிப்பாகச் சேர்த்தார்கள். வாசகத்தை இரண்டு இடத்தில் செம்மைப்படுத்தியவர் முத்திரை.

பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை உள்ளே எடுத்துப் போகவில்லை. பேனாவை விரல்களுக்கிடையே செருகிக்கொள்ளவே நேரமானது. மூத்தார் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தாளைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தின் சுழி முடியும்வரை அப்படியே இருந்தார்.

சாட்சிக்கு மூத்தார் கையெழுத்திட்டார். தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டு, மடிப்பில் பசை தடவி, ஆஸ்பத்திரியில் முத்திரையை அழுத்துவதைப் போலவே உள்ளங்கையால் ஓரம் ஓரமாக அழுத்தினார். "தபால்ல போட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்தவர், வாசலில் நின்று, "நீயும் வாயேன்" என்றார்.

தபால்பெட்டி தெருக்கோடியில் இருந்தது. அன்றைய தபால் எடுக்க வண்டி வர இன்னும் நேரமிருந்தது. உறையை அவர் அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கைகளுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டாள். பெட்டியின் வாயில் துருப்பிடித்த ஒரு தகரமூடி, தூக்கிப் பிடிக்காவிட்டால் விழுந்து மூடிக்கொள்ளும். மூத்தார் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் உறையை நேராக்கி வாய்க்குள் நுழைத்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொள்ளும்வரை நின்றார். உள்ளே கடிதம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் மூடியைக் கீழே விட்டார்.